வாணத்திற்கு ஒரு வால்

நுழையும் முன்

தீபாவளி இரவில் வானில் சீறிப் பாயும் வாணத்தைக் கண்டு மகிழாதவர் இலர். அது ஏன் மேலே செல்கிறது? அதன் பின்னால் ஏன் நீண்ட குச்சி ஒன்று கட்டப்பட்டிருக்கிறது? முதல் வினாவிற்கு அறிவியல் பாடநூலில் விடை உண்டு. இரண்டாம் வினாவிற்கான விடை, நாக்பூரில் ஒரு வீட்டுக் கூடத்தில், பள்ளிக்கே செல்லாத ஒரு மூதாட்டியிடம் கிடைத்தது. அதனைக் கூறுகிறது இக்கட்டுரை.

ஒரே வீடு, இரு மொழிகள்

நாக்பூரின் இரயில்வே குடியிருப்பு ஒன்றில் அக்குடும்பம் வாழ்ந்து வந்தது. சொந்த ஊர் சிவகாசி. தந்தையின் பணியிட மாற்றத்தோடு ஊர் ஊராக வந்த குடும்பம் அது. மகள் மத்தியப் பள்ளியொன்றில் ஒன்பதாம் வகுப்பு படித்தாள். வகுப்பில் ஆங்கிலம், விளையாட்டுத் திடலில் இந்தி, கடைத்தெருவில் சிறிது மராத்தி என அவளுடைய நாள் கழியும். விருப்பமொழியாகத் தமிழையும் எடுத்திருந்தாள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள். ஆனால், பேசத் தொடங்கினால் இரண்டு தொடர்களுக்குப் பின் இந்திக்குத் தாவிவிடுவாள். அறிவியல் படிக்க விரும்பும் தனக்குத் தமிழ் எதற்கு என்னும் எண்ணமும் அவளுக்கு இருந்தது. அடுத்த ஆண்டு அப்பாடத்தை விட்டுவிடலாம் என்று தோழியரிடம் சொல்லியும் இருந்தாள்.

தாத்தா மறைந்த பிறகு, அப்பத்தா சிவகாசியிலிருந்து நாக்பூருக்கு வந்து சேர்ந்தார். அவர் அறிந்த மொழி தமிழ் ஒன்றே. பகல் முழுவதும் மாடத்தில் அமர்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். பக்கத்து வீட்டுப் பெண்கள் புன்னகைப்பார்கள், அவரும் புன்னகைப்பார். உரையாடல் அத்துடன் முடிந்துவிடும். மாலையில் பள்ளியிலிருந்து திரும்பும் பெயர்த்தியிடம், "சாப்பிட்டியா, தாயி?" என்று கேட்பார். "சாப்பிட்டேன்" என்பதோடு அவள் தன் அறைக்குள் சென்றுவிடுவாள். இருவருக்கும் இடையே அன்பு இருந்தது. அதைச் சுமந்து செல்லச் சொற்கள்தாம் இல்லை.

பலூனும் நூலும்

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். சர் சி.வி. இராமன் 1928ஆம் ஆண்டு அந்நாளில் தம் புகழ்பெற்ற ஒளிச்சிதறல் கண்டுபிடிப்பை உறுதிசெய்தார். அதன் நினைவாகவே அந்நாள் கொண்டாடப்படுகிறது. திருச்சிராப்பள்ளியில் பிறந்த இராமன், இளமையில் அரசின் நிதித்துறை அலுவலராகக் கல்கத்தா, இரங்கூன், நாக்பூர் ஆகிய நகரங்களில் பணியாற்றியவர். பணியிட மாற்றம் என்பதை அவரும் அறிந்திருந்தார்.

அறிவியல் நாளுக்கு இரண்டு வாரங்கள் இருந்தபோது, இயற்பியல் ஆசிரியர் வகுப்பறைக்குள் ஒரு பலூன், ஓர் உறிஞ்சுகுழல், ஒரு நூற்கண்டு ஆகியவற்றுடன் நுழைந்தார். நூலை உறிஞ்சுகுழலுக்குள் செலுத்தி, அறையின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு இழுத்துக் கட்டினார். பலூனை ஊதி, வாயைக் கட்டாமல் விரல்களால் பிடித்தபடி உறிஞ்சுகுழலுடன் ஒட்டினார். கையை எடுத்தார். பலூன் நூலின் மீது விரைந்தோடி மறுமுனையில் நின்றது.

"இதற்குள் நியூட்டனின் மூன்று விதிகளும் இருக்கின்றன. கண்டுபிடியுங்கள்" என்றார்.

ஐசக் நியூட்டன் 1687இல் வெளியிட்ட 'பிரின்சிபியா' என்னும் நூலில் அம்மூன்று விதிகளையும் வகுத்துரைத்தார். வெளிவிசை ஒன்று செயல்படாத வரை, ஓய்வில் உள்ள பொருள் ஓய்விலேயே இருக்கும். இயங்கும் பொருள் நேர்கோட்டில் சீராக இயங்கிக்கொண்டேயிருக்கும் என்பது முதல் விதி. பொருளின் இந்த இயல்பையே நிலைமம் என்கிறோம். விசை மிகுந்தால் முடுக்கம் மிகும். நிறை மிகுந்தால் முடுக்கம் குறையும் என்பது இரண்டாம் விதியிலிருந்து பெறப்படுவது. ஒவ்வொரு விசைக்கும் அதற்குச் சமமான, எதிர்த்திசையில் அமைந்த எதிர்விசை உண்டு என்பது மூன்றாம் விதி. பலூன் காற்றைப் பின்னோக்கித் தள்ளுகிறது. காற்று பலூனை முன்னோக்கித் தள்ளுகிறது.

மாணவன் ஒருவன் எழுந்தான். "வெளியேறும் காற்று பின்னால் உள்ள சுவரைத் தள்ளுகிறது. அதனால்தான் பலூன் முன்னே செல்கிறது" என்றான். வகுப்பில் பாதிப்பேர் அதனை ஏற்றுக்கொண்டனர். ஆசிரியர் மறுத்துப் பேசவில்லை. பலூனை முதலில் சுவரை ஒட்டி வைத்து விட்டார். பின்னர் அதே அளவு ஊதி, நூலின் நடுவில் வைத்து விட்டார். இரண்டு முறையும் பலூன் ஒரே விதமாகப் பாய்ந்தது. அதனைச் செலுத்தியது சுவரன்று என்பது விளங்கிற்று.

பெரியோரும் இவ்விடத்தில் தவறியதுண்டு. அமெரிக்க அறிவியலாளர் இராபர்ட் காடர்டு, ராக்கெட்டால் நிலவை அடைய முடியும் என்று எழுதினார். காற்றில்லாத வெளியில் எதனைத் தள்ளி ராக்கெட் முன்னேறும் என்று 1920 சனவரியில் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ் தன் தலையங்கத்தில் அவரை எள்ளி நகையாடியது. காடர்டு சோர்ந்துவிடவில்லை. 1926 மார்ச் 16 அன்று உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டை ஏவினார். அது ஏறத்தாழ 2.5 நொடிகளே பறந்தது. எழுந்த உயரம் சுமார் 12 மீட்டர். காடர்டு 1945இல் காலமானார். 1969 சூலை 17 அன்று, அப்போலோ 11 விண்கலம் நிலவை நோக்கிச் சென்றுகொண்டிருந்த வேளையில், அந்நாளிதழ் தன் பழைய தவற்றுக்கு வருத்தம் தெரிவித்தது. ராக்கெட் காற்றைத் தள்ளி மேலே செல்வதில்லை. தான் வெளியேற்றும் பொருளைத் தள்ளியே செல்கிறது.

நீரால் எழும் ராக்கெட்

அறிவியல் நாளுக்காக மாணவர்கள் குழுக்களாகப் பிரிந்தனர். ஒவ்வொரு குழுவும் நீரால் எழும் ராக்கெட் ஒன்றைச் செய்ய வேண்டும். சோடா பானம் அடைத்து வரும் நெகிழிப் புட்டி ஒன்று, இரப்பர்த் தக்கை ஒன்று, தக்கையின் நடுவே செலுத்த ஒரு காற்றூசி, மிதிவண்டிப் பம்பு, புட்டியைத் தலைகீழாக நிறுத்த ஒரு கம்பித் தாங்கி ஆகியவை போதும். குடிநீர்ப் புட்டி மெல்லியது. காற்றின் அழுத்தத்தைத் தாங்காது. சோடாப் புட்டியே ஏற்றது. புட்டியில் சிறிது நீரை ஊற்றித் தக்கையால் அடைத்து, தொலைவில் நின்று காற்றடிக்க வேண்டும். உள்ளே அழுத்தம் ஏற ஏற, ஒரு கட்டத்தில் தக்கை கழன்றுவிடும். நீர் கீழே பீறிட, புட்டி மேலே பாயும்.

எவ்வளவு நீர் ஊற்றுவது? மாணவியின் குழு ஒவ்வொன்றாகச் சோதித்தது. நீரே இல்லாமல் காற்றடித்தபோது, புட்டி சிறிது துள்ளி விழுந்தது. காற்று மிக இலேசானது. அதனை வெளியேற்றுவதால் கிடைக்கும் உந்தம் சிறிது. புட்டி நிறைய நீர் ஊற்றியபோதும் பயனில்லை. புட்டி கனத்தது, அழுத்தப்பட்ட காற்று தங்க உள்ளே இடமும் இல்லை. மூன்றில் ஒரு பங்கு நீர் ஊற்றியபோதுதான் புட்டி விர்ரென்று எழுந்தது. நீரைத் தள்ளக் காற்று வேண்டும். தள்ளப்பட நீர் வேண்டும். இரண்டும் அளவோடு அமைய வேண்டும்.

ஆசிரியர் கரும்பலகையில் ஒரு கணக்கும் எழுதினார். 10 நியூட்டன் விசை 100 கிராம் நிறையுள்ள பொருளின் மீது செயல்பட்டால், முடுக்கம் நொடிக்கு நொடி 100 மீட்டர் வீதம் அமையும். அதே விசை 200 கிராம் நிறையின் மீது செயல்பட்டால், முடுக்கம் 50 மீட்டராகக் குறையும். நீர் வெளியேற வெளியேறப் புட்டியின் நிறை குறைகிறது என்பதையும் மாணவர்கள் கண்டுகொண்டனர்.

எனினும் ஒரு குறை நீங்கவில்லை. அவர்களின் ராக்கெட் இருபதடி எழுந்தவுடன் குட்டிக்கரணம் அடிக்கும். பக்கவாட்டில் திரும்பிப் புதருக்குள் விழும். மூன்று நாட்கள் முயன்றும் அது நேராகச் செல்லவில்லை. மற்றக் குழுக்களின் ராக்கெட்டுகளும் அவ்வாறே தடுமாறின.

தகர டப்பா

பொறுமையிழந்த மாணவன் ஒருவன் வேறு வழி கூறினான். தீபாவளியில் வெடிக்காமல் எஞ்சிய பட்டாசுகளைப் பிரித்து, அவற்றின் கருமருந்தை ஒரு தகர டப்பாவில் சேர்த்து வைத்திருந்தான். "நீரை விட இது வேகமாகத் தள்ளும். விசை மிகுந்தால் முடுக்கம் மிகும் அல்லவா?" என்றான். விதி சரிதான். அன்று மாலை அந்த டப்பா மாணவியின் வீட்டுக் கூடத்திற்கு வந்தது. ஓர் இரும்புக் குழாயும் கூடவே வந்தது.

அப்பத்தா மாடத்திலிருந்து உள்ளே வந்தார். டப்பாவைப் பார்த்தார். மூடியைத் திறக்குமுன்பே அதில் இருப்பது என்னவென்று அறிந்துகொண்டார். ஒரு சொல்லும் பேசாமல் சமையலறைக்குச் சென்று, ஒரு வாளி நிறைய நீரை எடுத்து வந்து, டப்பாவை அப்படியே அதில் மெல்ல அமிழ்த்தினார்.

மாணவி சினத்தோடு இந்தியில் ஏதோ கூறினாள். அப்பத்தா அதனைப் புரிந்துகொள்ளவில்லை. தம் வலக்கையை அவள்முன் நீட்டினார். சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் நுனிகள் இல்லை. பிறந்தது முதல் அக்கையை அவள் பார்த்திருக்கிறாள். அது ஏன் அவ்வாறிருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"உக்காரு தாயி, சொல்றேன்" என்றார் அப்பத்தா.

சிவகாசி வானம் பார்த்த பூமி. மழை பொய்க்கும் அந்நிலத்து மக்களுக்குத் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத்தொழிலும் சோறு தந்தன. 1922இல் அவ்வூரைச் சேர்ந்த இருவர் கல்கத்தாவிற்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியதிலிருந்து அவ்வளர்ச்சி தொடங்கியது என்பர். அப்பத்தா பள்ளிக்குச் செல்ல வேண்டிய வயதில், தம் தாயுடன் அமர்ந்து வாணத்திற்குக் காகிதக் குழல் சுருட்டினார். ஒரு குரோசு என்றால் 144. எத்தனை குரோசு சுருட்டினால் எவ்வளவு கூலி என்பதே அவர் கற்ற முதற்கணக்கு. வளர்ந்தபின் மருந்தறைப் பக்கம் வேலை கிடைத்தது. ஒரு கோடைப் பகலில், எங்கோ ஏற்பட்ட சிறு உராய்வில் மருந்து பற்றிக்கொண்டது. அவர் வாசலருகே இருந்தார், விரல்நுனிகளோடு தப்பினார். உள்ளே இருந்த அவருடைய கூட்டாளி திரும்பி வரவில்லை.

"அவளுக்கும் உன் வயசுதான் கூடக்கொறைய இருக்கும்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

டப்பாவைக் கொண்டுவந்த மாணவனுக்குத் தமிழ் தெரியாது. மாணவி அவனுக்கு அதனை இந்தியில் பெயர்த்துரைத்தாள். இடையில் அவள் குரல் தடுமாறியது. அவன் எழுந்து, தானே இரும்புக் குழாயை வெளியே கொண்டுபோய்ப் போட்டான்.

வால்

சற்று நேரம் கழித்து அப்பத்தாவின் கண்கள் மூலையில் கிடந்த புட்டியின் மீது சென்றன. அது என்னவென்று கேட்டார். மாணவி தனக்குத் தெரிந்த தமிழில் விளக்கினாள். நீர் கீழே செல்லும், புட்டி மேலே செல்லும், ஆனால் நேராகச் செல்வதில்லை என்றாள்.

அப்பத்தா சிரித்தார். "வால் இல்லாத வாணம் எப்படி நேராப் போகும்?"

குழலைச் சுருட்டி மருந்து செறித்தால் மட்டும் வாணம் ஆகாது என்றார் அவர். குச்சி கட்டாத வாணம் தரையிலேயே சுற்றிச் சுற்றி வரும். குச்சி குட்டையானாலும் தலைகுப்புறக் கவிழும். கட்டி முடித்தபின் வாணத்தை விரலின் மீது கிடத்தி, அது எங்கே சமன்படுகிறது என்று பார்ப்பார்களாம். சொல்லிக்கொண்டே, நுனியற்ற அவ்விரலின் மீது புட்டியைக் கிடத்திக் காட்டினார். புட்டி வாய்ப்பக்கமாகச் சாய்ந்தது. "தலையில கனம் வேணும், வாலில காத்துப் பிடிக்கணும்" என்றார்.

மறுநாள் மாணவி அதனை இயற்பியல் ஆசிரியரிடம் கூறினாள். அவர் வியந்துபோனார். பறக்கும் பொருளின் எடை முழுவதும் ஒரு புள்ளியில் திரண்டிருப்பதாகக் கருதலாம். அது நிறை மையம். அதன் மீது பக்கவாட்டில் மோதும் காற்றின் அழுத்தம் திரண்டிருக்கும் புள்ளி அழுத்த மையம். நிறை மையம் முன்னாலும் அழுத்த மையம் பின்னாலும் இருந்தால், ராக்கெட் சற்றே சாயும்போது காற்று அதன் வாலைத் தள்ளி மீண்டும் நேராக்கிவிடும். அம்பின் பின்முனையில் இறகு கட்டுவதும் இதற்காகவே. ஐதர் அலி, திப்பு சுல்தான் படைகளின் இரும்புக்குழல் வாணங்களிலும் நீண்ட மூங்கில் கழி கட்டப்பட்டிருந்தது. அவ்வாணங்கள் 1780இல் காஞ்சிபுரத்திற்கு அருகிலுள்ள பொள்ளிலூரில் ஆங்கிலேயப் படையைக் கலங்கடித்தன. அவற்றைக் கண்ட பின்னரே இங்கிலாந்தில் வில்லியம் காங்கிரீவ் தம் ராக்கெட்டுகளை உருவாக்கினார்.

அப்பத்தா சொன்னபடியே குழுவினர் செய்தனர். புட்டியின் அடிப்பக்கமே பறக்கும்போது தலையாகும். அங்கே களிமண் உருண்டை ஒன்றைப் பொதிந்து, அட்டைக் கூம்பால் மூடினர். வாய்ப்பக்கத்தில் அட்டையால் மூன்று துடுப்புகளை வெட்டி ஒட்டினர். சமன்படும் இடத்தில் நூலைக் கட்டித் தலைக்குமேல் சுழற்றிப் பார்த்தனர். கூம்பு முன்னே செல்ல, துடுப்புகள் பின்தொடர்ந்தன. இனி அது நேராகப் பறக்கும்.

திடலில்

பிப்ரவரி 28 அன்று காலை, பெற்றோரும் திடலுக்கு அழைக்கப்பட்டிருந்தனர். அப்பத்தாவும் வந்திருந்தார். முதல் முயற்சியில் தக்கையின் ஓரமாக நீர் கசிந்தது, ராக்கெட் எழவேயில்லை. சிலர் சிரித்தனர். மாணவி தக்கையைத் துடைத்து, மீண்டும் அழுத்திப் பொருத்தினாள். எல்லாரும் கயிற்றுக்கு அப்பால் விலகி நின்றனர். இரண்டாம் முறை, அடித்த காற்றெல்லாம் உள்ளே நின்றது. படாரென்ற ஓசையுடன் ராக்கெட் கிளம்பியது. நீரைச் சிந்திக்கொண்டே பள்ளியின் மாடியைத் தாண்டி நேராக ஏறி, ஒரு நொடி நின்று, தலை கவிழ்ந்து இறங்கியது.

முதற்பரிசு வேறொரு குழுவிற்குச் சென்றது. நடுவர் ஒருவர் மட்டும், "துடுப்புகளை எந்த நூலைப் பார்த்து அமைத்தீர்கள்?" என்று வினவினார். மாணவி கயிற்றுக்கு அப்பால் நின்ற அப்பத்தாவைச் சுட்டிக்காட்டினாள்.

வீடு திரும்பும் வழியில் அப்பத்தா கேட்டார்: "அது ஏன் தாயி மேல போகுது? கட்டத்தான் எனக்குத் தெரியும். காரணம் யாரும் சொன்னதில்ல."

மாணவி சொல்லத் தொடங்கினாள். விசை என்றாள், அடுத்த சொல் வரவில்லை. ஆங்கிலச் சொல்லைச் சொன்னாள். அப்பத்தா விழித்தார். அவள் சாலையிலேயே நின்று, இரு கைகளாலும் அவருடைய கைகளைத் தள்ளிக் காட்டினாள். இருவரும் ஓரடி பின்னுக்கு நகர்ந்தனர்.

"ஓ, உதைப்பு!" என்றார் அப்பத்தா. "கீழ உதைச்சா மேல போகும். அதானே?"

அன்றிரவு அவள் தமிழ் அகராதியைத் தேடி எடுத்தாள். ஏட்டின் ஒரு பக்கத்தை நடுவில் கோடிட்டு இரண்டாகப் பிரித்தாள். ஒருபுறம் எதிர்வினை என்று எழுதினாள்; மறுபுறம் உதைப்பு என்று எழுதினாள். நிறை என்பதற்கு எதிரே கனம். நிலைமம் என்னும் சொல்லுக்கு எதிரே என்ன எழுதுவதென்று தெரியவில்லை. எழுந்து கூடத்திற்குச் சென்று, அப்பத்தாவின் அருகில் அமர்ந்தாள்.

சொல்லும் பொருளும்

வாணம் – தீயால் உந்தப்பட்டு வானில் பாயும் வெடிவகை
நிலைமம் – தன் நிலையை மாற்றிக்கொள்ளாத பொருளின் இயல்பு
முடுக்கம் – வேகமாற்ற வீதம்
உந்தம் – நிறையும் வேகமும் பெருகிய அளவு
எதிர்வினை – ஒரு வினைக்கு எதிராக எழும் வினை
அப்பத்தா – தந்தையின் தாய்
குரோசு – 144 எண்ணிக்கை கொண்ட அளவு
வானம் பார்த்த பூமி – மழையை மட்டுமே நம்பியுள்ள நிலம்

சிந்தித்து விடை எழுதுக

1. பலூனைச் செலுத்தியது சுவரன்று என்பதை ஆசிரியர் எவ்வாறு மெய்ப்பித்தார்?
2. புட்டியில் மூன்றில் ஒரு பங்கு நீர் ஊற்றுவது ஏன் சிறந்தது?
3. "விதி சரிதான்" என்று கட்டுரை கூறுகிறது. அவ்வாறாயின் அம்மாணவன் செய்ய முனைந்தது ஏன் தவறு?
4. அப்பத்தா கூறியவற்றை அறிவியல் சொற்களில் விளக்குக.
5. நிலைமம் என்னும் சொல்லுக்கு எதிரே நீங்கள் எந்த வழக்குச் சொல்லை எழுதுவீர்கள்? வீட்டுப் பெரியோரிடம் கேட்டு எழுதுக.

பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றுக

1. உக்காரு தாயி, சொல்றேன்.
2. தலையில கனம் வேணும், வாலில காத்துப் பிடிக்கணும்.
3. கீழ உதைச்சா மேல போகும்.

செய்து பார்ப்போம்

நூல், உறிஞ்சுகுழல், பலூன் ஆகியவற்றைக் கொண்டு பலூன் ராக்கெட் செய்க. பலூனைச் சிறிதாகவும் பெரிதாகவும் ஊதி, அது செல்லும் தொலைவை அளந்து அட்டவணைப்படுத்துக. நீர் ராக்கெட்டை ஆசிரியர் உடனிருக்கும்போது மட்டும் திறந்த வெளியில் ஏவுக. பட்டாசு மருந்தை எக்காரணம் கொண்டும் பிரித்தெடுத்தல் கூடாது.